கடல்வாசல் ஊர்: தீவகத்தின் கதை – 7

சென்ற இதழில் நெடுந்தீவின் குதிரை லாயங்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த முறை வேலணைத் தீவின் வடமேற்கு மூலைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, நாரந்தனை, கரம்பொன் என்று ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் தெரு கடலில் போய் முடிகிறது. அந்த முடிவில் இருப்பது ஊர்காவற்றுறை. ஒரு சந்தை, ஒரு வைத்தியசாலை, தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், ஒரு நீதிமன்றம், இறங்குதுறை. கால்நடையாகவே சுற்றிவந்துவிடலாம். இவ்வளவு சிறிய ஊரின் பெயர் சோழர் கல்வெட்டிலும், பொலனறுவை அரசனின் சாசனத்திலும், ஒல்லாந்தர் எழுதிய நூல்களிலும் எப்படி ஏறியது என்று கேட்டால், முதலில் தேசப்படத்தைத்தான் விரித்துவைக்க வேண்டும்.

ஊர்காவற்றுறையில் கோலை ஊன்றி நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறத்தாழ 65 கிலோமீற்றரில் கோடிக்கரையைத் தொடும். அதே கோட்டை இன்னும் நீட்டினால் நாகபட்டினம். இரண்டு துறைகளும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் நாகபட்டினத்தில் பாயை விரித்தவன் தெற்கே வருவான். சோழகம் எழுந்தபின் இங்கிருந்து வடக்கே போவான். பாய்க்கப்பல் ஓடிய காலத்துக்கு இதைவிட வசதியான வழி வேறென்ன வேண்டும்?

கடலில் வந்தவனுக்கு ஒதுங்க இடம் வேண்டும். வடக்கே காரைநகர், மேற்கே எழுவைதீவும் அனலைதீவும், தென்மேற்கே நயினாதீவும் புங்குடுதீவும். இத்தனை தீவுகள் சுற்றி நின்று அலையை மறிப்பதால் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான நீரிணை அமைதியாகக் கிடக்கிறது. அதற்கு அப்பால் யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. பெரிய கப்பல் உள்ளே போக முடியாது. ஆகவே கப்பல் இங்கேயே நங்கூரம் போடும். சரக்கு வத்தைகளிலும் வள்ளங்களிலும் மாறி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்கு வாசல் ஊர்காவற்றுறை என்று ஆனது இந்த ஆழக் கணக்கால்தான்.

நிலம் மட்டும் கொடுத்து வைத்ததல்ல. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய மண், ஆறு கிடையாது, மாரி மழையை நம்பிய கிணறுகள். பல கிணறுகளில் உவர். காடு என்றால் பனங்கூடலும் பற்றைக்காடும்தான். அந்தப் பனையிலிருந்து மரமும் ஓலையும் பனங்கட்டியும் போயின. தீவுகளின் தரவைகளில் தானாக முளைத்த சாயவேர் இந்தியத் துணிகளுக்குச் சிவப்பேற்றியது. ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டிக் கொடுப்பது சிலர்மீது சுமத்தப்பட்ட ஊழியம். வெயிலில் குனிந்து வேர் கிண்டியவர்களின் முதுகில்தான் ஒல்லாந்தக் கும்பனி சாயக் கணக்கை எழுதியது. கடலுக்கடியில் சங்கு கிடந்தது. அது வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபட்டது. வயலும் வாய்க்காலும் இல்லாத ஊர், தன்னிடம் இருந்ததை அக்கரைக்கு அனுப்பி, தனக்கு வேண்டிய அரிசியை அக்கரையிலிருந்து இறக்கியது. கடல் திறந்திருந்தால்தான் அடுப்பு எரியும். ஊர்காவற்றுறையின் எந்தக் காலத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அப்போது கடல் திறந்திருந்ததா, அடைத்திருந்ததா?

திறந்திருந்த காலத்துக்கு எழுத்துச் சாட்சி அருகிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு. பொறித்தவன் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பொலனறுவையில் இருந்து முழு இலங்கையையும் ஆண்ட சிங்கள அரசன், வட முனையில் உள்ள துறைக்கான ஆணையைத் தமிழில் வெட்டுவித்தான். துறைக்கு வருகிறவர்கள் எந்த மொழியில் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது அரண்மனைக்குத் தெரிந்திருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் இந்தச் சாசனத்தை ஆராய்ந்து வெளியிட்டபின்தான் அதன் முழுக் கனமும் உலகுக்குப் புரிந்தது.

ஆணையின் சாரம் இது. பிற தேசத்தவர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்து கரையொதுங்கினால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மீதி மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இதை அந்தக் காலத்து நடப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். கப்பல் உடைந்து ஒதுங்கியதெல்லாம் கரையை ஆள்பவனுக்கே சொந்தம் என்பது பல கடற்கரைகளில் வழக்கம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில், காகதீய அரசன் கணபதிதேவன் இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக வணிகருக்கு அபயம் கொடுத்துக் கல் நாட்டினான். அது 1244 அளவில். நயினாதீவுக் கல் அதைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. புயலில் எல்லாம் இழந்து கரையேறிய ஒருவனிடம் உன் சரக்கில் முக்கால் பங்கு உனக்கே என்று சொல்லும் சட்டம், வணிகனைத் திரும்ப வரவைக்கும் சட்டம். யானைக்கும் குதிரைக்கும் தனிச் சலுகை கொடுத்ததில் அரசனின் தேவை வெளிப்படையாகத் தெரிகிறது: அவனுக்குப் படைக்குதிரை வேண்டும், குதிரை இலங்கையில் விளைவதில்லை. சுயநலம்தான். ஆனாலும் கருணையும் கணக்கும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கும் இப்படியொரு ஆணை இந்தத் துறைக்காக எழுதப்பட்டது என்பதில் தீவக மக்கள் பெருமைப்படலாம்.

வணிகர் வந்தார்களா? வந்தார்கள் என்று மண்ணே சொல்கிறது. இதே தீவின் கிழக்குக் கரையில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் சீன மட்பாண்டச் சிதறல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஜோன் கார்ஸ்வெல் முதலான ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்தபோது, வட சொங் வம்ச காலத்தவை, அதாவது பெரும்பாலும் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் வந்து மீண்டும் அகழ்ந்தார்கள். தெற்குச் சீனச் சூளையில் வெந்த கிண்ணம் அல்லைப்பிட்டி மணலுக்குள் கிடக்கிறது என்றால், இந்தத் துறைகள் சோழமண்டலக் கரையோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று பொருள்.

அதே பராக்கிரமபாகு இதே துறையைப் போருக்கும் பயன்படுத்தினான். பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் அவன் ஒரு பக்கம், சோழர் மறுபக்கம். திருவாலங்காட்டில் உள்ள இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு, ஈழத்தரசன் ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலான இடங்களில் படைதிரட்டிக் கப்பல் கட்டுவித்ததாகவும், அதை அறிந்த சோழ அதிகாரி பல்லவராயன், ஈழ அரியணைக்கு உரிமை கோரிய சீவல்லவனைப் படையோடு அனுப்பியதாகவும் கூறுகிறது. சோழப் படை ஊராத்துறையில் இறங்கி அழித்தது. யானைகளைப் பிடித்துக்கொண்டு போனது. வணிகனுக்கு அபயம் சொன்ன துறை, அதே அரசன் காலத்திலேயே எதிரி முதலில் அடிக்கும் துறையாகவும் இருந்தது. எல்லையூருக்கு இந்த இரட்டைத் தலைவிதி புதிதல்ல.

அடுத்து வந்தவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபின் வாசலைப் பூட்டத் திறப்பு தேடினார்கள். நீரிணையின் வாயில் கிடந்த ஒரு சின்னஞ்சிறு திட்டின்மேல், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டை கட்டினார்கள். ஊரவர்களுக்கு அது கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக் கரையிலும் ஒரு கோட்டை இருந்தது; அதன் இடிபாடுகளைப் பற்றை மூடியிருக்கிறது. இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே பீரங்கிக்குத் தப்பி ஒரு தோணியும் உள்ளே போக முடியாது என்பது திட்டம்.

கடற்கோட்டையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திட்டு முழுவதும் கோட்டையே. மதிலுக்கு வெளியே கால் வைக்க நிலமில்லை. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான சுவர் நேராகக் கடலில் இறங்குகிறது. வள்ளத்தில் போய்த்தான் வாசலைத் தொட முடியும். உள்ளே நடுவில் சிறிய முற்றம், சுற்றிவர மதிலோடு ஒட்டிய அறைகள். பகைவன் நெருங்க முடியாத இடம். ஆனால் அந்தப் பாறைத்திட்டில் கிணறு தோண்டினால் என்ன தண்ணீர் வரும்? 1658இல் ரைக்லொவ் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் வந்து சூழ்ந்தபோது, கோட்டையைத் தோற்கடித்தது பீரங்கியைவிடத் தாகம்தான். குடிதண்ணீர் தீர்ந்துபோய்ச் சரணடைந்தார்கள். சில வாரங்களில், யூன் மாதம், யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. பாடம் படித்த ஒல்லாந்தர் உள்ளே மழைநீர் சேர்க்கப் பெரிய தொட்டி கட்டினார்கள். தீவகத்தில் எவன் நிலைப்பான் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும் என்று கிணற்றடிப் பெண்களுக்கு எப்போதோ தெரியும்.

ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரப் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன், காரைநகர் அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ப்ற். அந்தப் பெயர்களில் நெடுந்தீவுக்குச் சூட்டியது மட்டும்தான் ஆங்கிலத்தில் இன்றுவரை பரவலாகப் பிழைத்திருக்கிறது. மற்றவற்றை மக்கள் சட்டைசெய்யவில்லை.

இந்த இரு காலத்திலும் துறையின் பெரிய சரக்கு யானை. போர்த்துக்கேயர் இந்த இறங்குதுறையை யானைகளின் துறை என்றே அழைத்தார்கள். வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள், வன்னியர்கள் திறையாகக் கட்டிய யானைகள், தெற்கே மாத்தறைப் பக்கத்திலிருந்து காட்டுவழியாக நடத்திவரப்பட்ட யானைகள் எல்லாம் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் விற்பனை. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகர் வந்து முழக்கணக்கில் உயரம் அளந்து விலை பேசினார்கள். கப்பல்கள் ஊர்காவற்றுறையில் காத்து நின்றன. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார், 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தன் பெரிய நூலில் இந்தக் கரைகளையும் கோட்டைகளையும் யானை வணிகத்தையும் பற்றி எழுதியிருக்கிறார்.

காடில்லாத ஊர், காட்டின் மிகப் பெரிய உயிரைக் கப்பலேற்றி வாழ்ந்தது. தாயைப் பிரித்த கன்றுகளும், கால் புண்ணோடு நெடுந்தூரம் நடந்த களிறுகளும் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இந்தக் கரையில்தான். அதை வணிகக் கணக்காக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியது. சுங்கத்துறையாக ஊர்காவற்றுறை தொடர்ந்து ஓடியது: பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி, ஓடு, துணி, இங்கிருந்து பனைமரம், புகையிலை, சங்கு. ஆனால் வாசலை வேறு பக்கத்தில் திறக்கத் தொடங்கினார்கள். 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதம் நேராக ஓடியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் இணைப்புத் தொடங்கியது. பயணி அங்கே போனான். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபின் காங்கேசன்துறை வளர்ந்தது. சரக்கும் மெல்ல அங்கே போனது.

ஊர் தேய்ந்தாலும் மனிதர்களை உருவாக்குவதை நிறுத்தவில்லை. பக்கத்துக் கரம்பொன்னில் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிறந்து, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த ஒரு பிள்ளைதான் தனிநாயகம் அடிகள். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் மறைநூலையும், வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் தமிழுலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவரே. போர்த்துக்கேயர் பூட்டிய வாசலில் பிறந்தவர், அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் நம் நூலைத் தேடி எடுத்து வந்தார்!

இனி அடைப்பின் கதை. சுதந்திரத்தோடு வந்த 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கல்யாணத்துக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் தோணியேறிப் போய்வந்த சனத்துக்குக் கடவுச்சீட்டு என்ற ஒன்று குறுக்கே வந்தது. கள்ளத்தோணி என்ற வசைச்சொல் இலங்கை அரசியலில் வேரூன்றியது இக்காலத்தில்தான். 1952இல் சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்க இராணுவம் கடற்கரையில் இறக்கப்பட்டது. 1963இல் அதற்கென்றே தனிப்படை அமைந்தது. காற்றுப் பார்த்துப் பாய் விரித்த தொழிலைச் சட்டம் குற்றமாக்கிவிட்டது.

1974 யூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்பாடு பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு ஒன்றை வரைந்தது. 285 ஏக்கர்க் கச்சதீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போகிறது அந்தக் கோடு. அதற்குமுன் 1921இல் கொழும்பில் நடந்த பேச்சுவார்த்தையிலும் மீன்பிடிக்காக ஒரு கோடு பேசப்பட்டது. இருமுறையும் கோடு தலைநகரங்களின் மேசையில் வரையப்பட்டது. அதன் இருபுறமும் வலைபோட்டவர்களின் தலையில் இறங்கியது.

பிறகு உள்நாட்டுப் போர். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்பயணம் என்றாலே தீவக மக்களின் நெஞ்சு நடுங்கத் தொடங்கிய நாள் அது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது ஊர்கள் வெளியேறின. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் திரும்பி வரவில்லை. 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி இத்தீவின் அராலி முனையில் கண்ணிவெடியில் இராணுவத்தின் மூத்த அதிகாரி டென்சில் கொப்பேகடுவ பலியானார். அதன்பின் தீவகம் ஆண்டுக்கணக்கில் முகாம்களின் நாடாக இருந்தது. வீடுகளின் கூரை போனது. சுவரை ஆலமரம் பிளந்தது. தரவையில் கட்டாக்காலி மாடுகள் நின்றன.

உலகின் இன்னொரு எல்லையை இங்கே நினைக்கிறேன். செக் நாட்டின் தென்மேற்கே, சுமாவா மலைக்காடுகளில் ஜெர்மன் மொழி பேசிய சிற்றூர்கள் நிறைய இருந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அந்த மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 1950களில் எல்லையோரம் முள்வேலி வந்தது. தடைவலயத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் பல இடிக்கப்பட்டுக் காட்டோடு காடாயின. 1989க்குப் பிறகு அந்த வேலியை அறுத்தார்கள். அங்கே வேலி அறுந்த அதே நாட்களில் இங்கே கடல் அடைபட்டது. மலைக்காடும் உவர்த்தரவையும் வெவ்வேறு. ஆனால் எல்லையை மட்டும் பார்த்து ஆளும் அரசு, எல்லையில் குடியிருப்பவனைப் பார்ப்பதில்லை என்பது இரண்டிடத்திலும் ஒன்று.

போர் 2009இல் முடிந்தது. திரும்பி வந்தவர்கள் குறைவு. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேரூன்றியவர்கள் கோயில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் வந்து போகிறார்கள். 1971இல் அரசுக்கெதிராக ஜே.வி.பி. நடத்திய கிளர்ச்சிக்குப்பின் அதன் இளைஞர்களை அடைத்த சிறையாக இருந்த கடற்கோட்டை, இப்போது கடற்படை நடத்தும் விடுதி. நம் வரலாற்றின் முக்கியமான ஒரு கட்டடத்தை அறை வாடகைக்கு எடுத்தவர் மட்டும் ஆறுதலாகப் பார்க்கலாம் என்ற நிலை சரியல்ல. தீவகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வழி வேண்டும்.

இன்று ஊர்காவற்றுறையின் பெயர் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. வணிகத்தால் அல்ல. நெடுந்தீவுக் கடலில் பிடிபடும் இராமேசுவரம், புதுக்கோட்டை, நாகபட்டின மீனவர்கள் கொண்டுவரப்படுவது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்கு. அங்கே வழக்கு நடப்பது தமிழில். குற்றம் சாட்டுவதும், மறுமொழி சொல்வதும், விளக்கமறியல் என்று ஆணையிடுவதும் தமிழில்.

இதில் நம் மீனவரின் பக்கத்தை மழுப்பக்கூடாது. போர்க்காலம் முழுவதும் கடலுக்கு இறங்க விடாமல் தடுக்கப்பட்டவன் எங்கள் கரையோரத்தான். தடை நீங்கிக் கடன்பட்டு வலை வாங்கிப் போட்டால், இரவில் இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இழுவைமடி கடலின் அடியையே வழித்துவிடும் என்பதால்தான் 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. அதேநேரம் அந்தப் படகில் கூலிக்கு வந்து சிறைக்குப் போகிறவன் படகின் முதலாளி அல்ல. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு கரை மீனவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எந்த வலை, எந்த நாள், எவ்வளவு தூரம் என்று பேசித் தீர்க்காமல் படகுகளைப் பறிமுதல் செய்துகொண்டே போவதில் வழி பிறக்காது. உடைந்த கப்பலுக்குப் பங்கு விகிதம் எழுதத் தெரிந்த ஒரு துறையில், மீனுக்குப் பங்கு எழுத முடியாதா?

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. அது வந்து சேர்ந்தது காங்கேசன்துறைக்கு. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இப்போது முக்கியப் போக்குவரத்து, காரைநகருக்குப் போய்வரும் பாதைப் படகு. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மாணவரும் மீன்பெட்டியுமாக அது சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடும். அந்த நீரிணைக்குப் பாலம் வேண்டும் என்று ஊர் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாலத்துக்காகத் தீவக மக்கள் தாங்களே அலைந்து, காசு சேர்த்து, அதிகாரிகளின் கதவைத் தட்டி வென்ற கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்த வாணர் பாலம். அடுத்த இதழில் அந்தப் பாலத்தில் நடப்போம்.